எல்லை தாண்டிய ரெசிடென்சி என்று சொல்லி 68,500 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்: விண்ணப்பிக்க இருப்பவர்கள் படியுங்கள்

கோபம் தணிந்த பிறகு எழுது என்கிறார்கள் வீட்டில். அது தணிவதற்குள் இன்னும் நாலு பேர் பணம் கட்டிவிடுவார்கள். 68,500 ரூபாய். வாங்கியவர்கள் எல்லை கடந்த கலைஞர் ரெசிடென்சி நடத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு கூட்டம். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கே வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மிரட்டியிருப்பதால் பெயரை எழுதவில்லை. வகையைச் சொல்கிறேன், பார்த்தால் தெரிந்துகொள்வீர்கள்: தெற்காசியக் கலைஞர்களைத் தோட்டத் தொழிலாளர், மீனவர், நெசவாளர் குடியிருப்புகளில் இரண்டு மாதம் தங்கவைத்து, அந்த மக்களோடு சேர்ந்து படைப்பு செய்ய வைப்போம் என்று அழகான இணையதளத்தில் அழைப்பு விடுகிறவர்கள்.

நான் மும்பை தாராவியில் இருப்பவள். தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் பை தைக்கும் பட்டறைகளில் கழித்துப்போடும் தோல் துண்டுகளை வாங்கிவந்து, எங்கள் சந்துப் பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் ஊரைவிட்டு வந்த கதையைத் தைக்கிறோம். தாராவியில் தோல் தொழில் ஊன்றியதில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தோல் பதனிடும் கூடங்கள் பெரும்பாலும் வெளியே போய்விட்டன; தையல் மட்டும் இங்கேயே நிற்கிறது.

அழைப்பு இலங்கை மலையகத்துக்கு. ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். என் பாட்டியின் அக்காள் கண்டிச்சீமைக்குப் போனவள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட வேண்டியவர்கள் என்று ஐந்தே கால் லட்சம் பேரைக் கணக்கிட்டார்களே, அதில் ஒருத்தியாக வந்துவிடுவாள் என்று பாட்டி காத்திருந்தாள். வரவில்லை. மலையகத் தமிழர் அங்கே போய்ச் சேர்ந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தார்கள். ஒரே பக்கத்து ஊர்களிலிருந்து ஒருத்தி கப்பலேறினாள், இன்னொருத்தி ரயிலேறினாள். இரண்டு பேருடைய கதையையும் ஒரே துணியில் தைக்க வேண்டும் என்பதுதான் என் முன்மொழிவு. எனக்கு எப்படி ஆசை வராமல் இருக்கும்?

நேர்காணல் வீடியோ அழைப்பில் நடந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலை முழுவதையும் அவர்கள் அங்கேதான் முடித்தார்கள். பேசியவர் நல்ல தமிழ் பேசினார். எங்கெங்கே கண்காட்சி வைத்தீர்கள், எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை. “நீங்கள் போய்விட்டு வருவதால் அந்தப் பெண்களுக்கு என்ன கிடைக்கும்?” என்றுதான் ஆரம்பித்தார். சமூகத்தோடு வேலை செய்கிறவர்கள் யாரும் எங்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது, கேட்பவர்கள் அபூர்வம். பொங்கலன்று தொண்ணூறு அடி ரோட்டில் வரிசையாக அடுப்பு மூட்டுவது அவருக்குத் தெரிந்திருந்தது. “தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடும் உங்கள் சந்து வீடும் பத்துக்குப் பன்னிரண்டு அறைதானே அம்மா, இரண்டு பக்கத்துக்கும் விளக்கிச் சொல்லவே தேவையில்லை” என்றார். டெல்லியில் 1997இல் தொடங்கிய கோஜ், டாக்காவின் பிரிட்டோ, கொழும்பின் தீர்த்த என்று உண்மையான கலைஞர் அமைப்புகளின் பெயர்களைப் பங்காளிகள் போல உச்சரித்தார். அந்த அமைப்புகளுக்கும் இந்த ஆளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது பிறகு விசாரித்ததில் தெரிந்தது.

விண்ணப்பக் கட்டணம் 2,500 முன்பே கட்டியாயிற்று. தேர்வாகிவிட்டீர்கள் என்று கடிதம் வந்ததும் திரும்பத் தரப்படும் டெபாசிட் 40,000 கேட்டார்கள். பிறகு காப்பீடு, விசா ஆவணம், தோட்ட நிர்வாக அனுமதி என்று 26,000. யூபிஐயில் அனுப்பும்போது திரையில் அமைப்பின் பெயர் வரவில்லை, ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. நிறுத்திவிட்டுக் கேட்டேன். “அவர் எங்கள் இந்தியக் கணக்காளர். நேராக வெளிநாட்டுக்கு அனுப்பினால் உங்களுக்குத்தான் வங்கிக் கட்டணம் கூடும், உங்கள் நன்மைக்காகவே இந்த ஏற்பாடு” என்று உடனே பதில் வந்தது. என் நன்மைக்காக!

அந்த நாற்பதாயிரம் சீட்டுப் பணம். சீட்டு நடத்தும் அத்தை என் முறை வருவதற்கு முன்பே எடுத்துக் கொடுத்தாள். சமூகத்தின் ஒப்புதல் கடிதம் வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது, அத்தை வீட்டுத் தரையில்தான் எல்லோரும் உட்கார்ந்தோம். சீட்டுக் கணக்குக்கு வைத்திருக்கும் ஊதா மைப்பெட்டி காய்ந்துபோயிருந்தது. அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கட்டைவிரலை உருட்டி ரேகை வைத்தார்கள். எதிர்வீட்டு மதினி தன் கல்யாண ரவிக்கையின் ஜரிகைக் கரையைக் கத்தரித்துக் கொடுத்து, “அங்கே இருக்கிறவளுக்கு இதைத் தைத்துக் காட்டு” என்றாள். அந்தக் கரை இப்போது என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

புறப்பட வேண்டிய தேதி நெருங்கியது. டிக்கெட் வரவில்லை. முதலில் தோட்டத்தில் சம்பளப் பிரச்சினை என்றார்கள். பிறகு கணக்குப் பிரிவில் ஆள் மாறிவிட்டார். பிறகு, உங்கள் டெபாசிட் அடுத்த சுற்றுக்கு மாற்றப்பட்டுள்ளது, வாழ்த்துகள் என்று ஒரு மின்னஞ்சல். யார் கேட்டார்கள் மாற்றச் சொல்லி? பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று அழுத்திக் கேட்டதும் சுரம் மாறியது. கைரேகை வைத்த ஒப்புதல் கடிதம் “சர்வதேசத் தரத்தில் இல்லை”, ஆகவே ஒப்பந்தத்தை மீறியது நான்தானாம், டெபாசிட் திரும்பாதாம். படிக்காத பெண்களோடு வேலை செய்யவே திட்டம் நடத்துகிறவர்கள் எழுதும் எழுத்தா இது? அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது.

ஹட்டனில் தெரிந்த ஒருவரை அழைப்புக் கடிதத்தில் இருந்த முகவரிக்குப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அது சுற்றுலாப் பயணிகள் தங்கும் பங்களா. எங்கள் பெயரில் அங்கே ஓர் அறைகூடப் பதியவில்லை. ரெசிடென்சி என்று எதையும் அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை.

இணைய மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930ஐ அழைத்தேன், புகார் எண் கொடுத்தார்கள். காவல் நிலையத்திலோ, “நீங்களே விரும்பித்தானே அனுப்பினீர்கள், இது சிவில் விவகாரம்” என்றார்கள். வங்கியில் படிவம் வாங்கிக்கொண்டு காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். 68,500 ரூபாய்க்கு எல்லோரும் கொடுப்பது காத்திரு என்ற ஒரே மருந்து.

பணத்தைவிட வயிற்றெரிச்சல் வேறு. அவர்களுடைய புதிய அழைப்பு வந்திருக்கிறது. அதன் முகப்பில் இருப்பது எங்கள் பெண்களின் படம், நான் விண்ணப்பத்தோடு அனுப்பியது. “எங்கள் முந்தைய சமூகக் கூட்டாளிகள்” என்று கீழே எழுதியிருக்கிறார்கள். கைரேகைக் கடிதத்தையும் மங்கலாக்கி ஓரத்தில் போட்டிருக்கிறார்கள். தரம் இல்லாத அதே கடிதம்!

விண்ணப்பிப்பவர்களுக்கு வரிசையாக யோசனை எழுத நினைத்தேன், இன்று கை ஓடவில்லை. தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். கலைஞர்களிடம் கட்டணம் வாங்கும் நேர்மையான ரெசிடென்சிகளும் உண்டு, ஆனால் அவை முழுத் தொகையையும் அழைப்பிலேயே போட்டுவிடும். தேர்வான பிறகு ஒவ்வொன்றாக முளைத்தால் விலகிவிடுங்கள். தனி ஆள் கணக்குக்கு அனுப்பாதீர்கள். இலங்கைக்குள் நுழைய இணையவழியில் வாங்கும் ஈடிஏ அனுமதிக்கு அந்த நாட்டு அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், அதற்கு இடையில் ஆள் தேவையில்லை. முன்பு போய்வந்த கலைஞர் இரண்டு பேரின் தொடர்பைக் கேளுங்கள்; அந்தரங்கம் என்று சொன்னால் அதுவே பதில். மக்களின் படத்தையும் கையெழுத்தையும் முதல் சுற்றில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் அன்றைக்கே 1930, தாமதித்தால் அது அடுத்த கணக்குக்குத் தாவிவிடும்.

அந்த அழைப்பு இந்த நிமிடம் வரை திறந்திருக்கிறது, கடைசித் தேதி இந்த மாத முடிவு. முகப்பில் தோல் துண்டுகளை மடியில் வைத்திருக்கும் ஏழு பெண்கள் இருந்தால், அது அவர்கள்தான். யாரிடமாவது 40,000 கேட்டிருந்தால் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியவர்கள் என்னைத் தொடர்புகொள்ளுங்கள், புகாரைச் சேர்ந்தே கொடுப்போம்.