எளிய தமிழில் கணினி நூல்கள்: என் மாணவர்களோடு படித்துப் பார்த்த பிறகு

பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணினி அறிவியல் எடுக்கிறேன், தமிழ் வழி. எங்கள் பாடநூலில் ஃபங்ஷன் என்றால் செயற்கூறு, டேட்டாபேஸ் என்றால் தரவுத்தளம், டேட்டா அப்ஸ்ட்ராக்ஷன் என்றால் தரவு அருவமாக்கம். பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள், மார்க்கும் வாங்கிவிடுவார்கள். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே போன் வரும். "மிஸ், இங்க எல்லாமே இங்கிலீஷ்ல ஓடுது, நாம படிச்சது இதுல எதுன்னே தெரியல." அந்தக் குரலைக் கேட்டால் அன்றைக்கு முழுக்க மனசு சரியிருக்காது. இந்தப் பிள்ளைகளுக்குக் கையில் கொடுத்தனுப்ப ஏதாவது புத்தகம் கிடைக்காதா என்று தேடியபோது கிடைத்ததுதான் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இருக்கும் 'எளிய தமிழில்' வரிசை. இரண்டு வருடமாக அதோடுதான் புழங்குகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 2012இல் கணியம் என்று ஒரு இணைய இதழ் தொடங்கியது, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதுவதற்காக. த. சீனிவாசனும் நண்பர்களும் முன்னின்று செய்த வேலை. அடுத்த வருடம் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் வந்தது. கதை, கட்டுரை, கவிதை என்று நூற்றுக்கணக்கான மின்னூல்கள் அங்கே இருக்கின்றன, எல்லாம் இலவசம், பதிவு செய்யச் சொல்லிக்கூடக் கேட்பதில்லை. அதில் கணினி நூல்கள் ஒரு பகுதி. தரவுகளைச் சேமித்துத் தேட உதவும் மைஎஸ்க்யூஎல், விண்டோஸ் மாதிரி இயங்குதளமான க்னூ/லினக்ஸ், வலைப்பக்கம் எழுதும் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கணினியையே கற்கவைக்கும் மெஷின் லேர்னிங் என்று து. நித்யா எழுதியவை மட்டுமே ஒரு அடுக்கு தேறும்.

நான் முதலில் திறந்தது மைஎஸ்க்யூஎல் நூல். அதன் மொழிதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. டேபிள், ரெக்கார்டு, கொயரி, ஜாயின் என்று தொழிலில் சொல்கிற சொற்களை அப்படியே ஆங்கில எழுத்தில் விட்டுவிட்டு, அவற்றைச் சுற்றி இருக்கும் விளக்கத்தை முழுக்கத் தமிழில் எழுதியிருக்கிறார். தூய தமிழ் பார்ப்பவர்களுக்கு இது உறுத்தும், எனக்கும் முதல் பத்துப் பக்கம் உறுத்தியது. ஆனால் கல்லூரிக்குப் போன பிள்ளை ஆய்வகத்தில் பார்க்கப்போவதும் அதே ஆங்கிலச் சொல்தான், வேலைக்குப் போனால் டீம் லீடர் கேட்கப்போவதும் அதே சொல்தான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் விஷயத்தைத் தமிழில் புரிந்துகொண்டு போனால் போதும், பாதி பயம் விட்டுவிடும். செயற்கூறு என்று எழுதிப் பழகிய என் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு பாலம் தேவைப்பட்டது, அது இந்த நடையில் கிடைத்தது. கலைச்சொல் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாடநூல் அதைச் செய்யட்டும், இது இதைச் செய்யட்டும்.

ஒரு கட்டளை, அது என்ன செய்கிறது என்று இரண்டு வரி, இயக்கினால் என்ன வருகிறது. இந்த ஓட்டம்தான் நூலின் பலம். பக்கத்தில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, தட்டிப் பார்த்துக்கொண்டே படிக்க வேண்டிய நூல் இது. பஸ்ஸில் கதைப் புத்தகம் மாதிரிப் படித்தால் ஒன்றும் ஏறாது.

என் மாணவி ஒருத்தி, அப்பா மளிகைக்கடை வைத்திருக்கிறார். ஜாயின், அதாவது இரண்டு டேபிளை இணைத்துப் பார்ப்பது, புரியவில்லை என்று மூன்று நாள் என்னையே சுற்றிச் சுற்றி வந்தாள். நூலில் இருக்கும் உதாரணத்தை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் கடை பற்று நோட்டையே டேபிளாக்கு என்றேன். ஒன்றில் வாடிக்கையாளர் பெயர், தெரு, போன். இன்னொன்றில் தேதி, யார், எவ்வளவு கடன். இரண்டையும் சாதாரணமாக ஜாயின் செய்தபோது கடன் வாங்கியவர்கள் மட்டும் வந்தார்கள். முதல் டேபிளில் இருக்கும் எல்லோரையும் விடாமல் காட்டும் லெஃப்ட் ஜாயின் போட்டதும், இந்த மாதம் கடனே வாங்காதவர்களும் வந்து நின்றார்கள், தொகை இருக்க வேண்டிய இடத்தில் நல் (NULL, மதிப்பு எதுவும் இல்லை) என்று. "மிஸ், இவங்கெல்லாம் கடன் வாங்காதவங்களா!" என்று அவள் திரையைத் தொட்டுக் காட்டிய அந்த நிமிடம் எனக்கு மறக்காது. அப்புறம் நூலுக்குத் திரும்பிப் போய் மிச்சப் பக்கங்களை அவளாகவே முடித்தாள். இந்த நூலை எடுக்கிற எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: உதாரணங்களை அப்படியே தட்டிவிட்டு நிறுத்தாதீர்கள், உங்கள் வீட்டுக் கணக்கு ஏதாவது ஒன்றை அதில் போட்டுப் பாருங்கள்.

லினக்ஸ் நூல் இரண்டு பாகம். எங்கள் ஊரில் பல வீடுகளில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ அரசு கொடுத்த பழைய மடிக்கணினி பரணில் கிடக்கிறது, அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் உண்டு. பாஸ் என்பது டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது, அதனால் நூலில் வரும் அடிப்படைக் கட்டளைகள் அதிலும் ஓடும். புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம். ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்கிற கோப்பு அனுமதி வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று நிதானமாகப் போங்கள். அந்த அனுமதியை மாற்றும் சிஎச்மாட் 755 என்ற கட்டளையை எல்லோரும் மந்திரம் போல மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றும் கூட்டினால் 7, அது கோப்பின் உரிமையாளருக்கு. எழுதும் உரிமையை எடுத்துவிட்டால் 5, அது குழுவுக்கும் மற்றவர்களுக்கும். போர்டில் மூன்று கட்டம் போட்டு இதைக் கூட்டிக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், பிறகு 644 என்றால் என்ன என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

சரி, கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் நூல்களுக்கு வயதாகும், எந்த மொழியில் எழுதினாலும் சரி. மைஎஸ்க்யூஎல் 5.7 பதிப்பிலிருந்து சில விஷயங்கள் மாறிவிட்டன. உபுண்டு என்ற லினக்ஸில், மைஎஸ்க்யூஎல்லுக்குள் ரூட் என்ற தலைமைப் பயனராக நுழைய இப்போது சூடோ (நிர்வாகி உரிமையோடு இயக்கும் கட்டளை) போட்டுத்தான் போக வேண்டும், வெறும் கடவுச்சொல் கொடுத்தால் உள்ளே விடாது. வரிசைகளைத் தொகுக்கும் குரூப் பை போடும்போது தொகுக்காத ஒரு நெடுவரிசையைச் செலக்ட்டில் சேர்த்தால் பிழை என்று திருப்பி அனுப்பும். பழைய பதிப்பு ஏதோ ஒரு வரிசையின் மதிப்பை எடுத்துக் காட்டிவிட்டுப் போய்விடும். தனியாகப் படிக்கிற பிள்ளை முதல் நாளே இந்த ரூட் விஷயத்தில் முட்டிக்கொண்டால், தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்து மூடி வைத்துவிடும். அதனால் எந்த நூலை இறக்கினாலும் அது எந்த வருடம் வந்தது என்று முன்பக்கத்தில் பாருங்கள், உங்கள் கணினியில் இருக்கும் பதிப்பையும் பாருங்கள். கற்றுக்கொடுப்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால் இந்த இரண்டு இடத்தை மட்டும் தாண்டிவிட்டுவிட்டால் போதும், மற்றதில் பெரும்பாலானது இன்றைக்கும் அப்படியே செல்லும்.

கோப்பு வடிவங்கள் பற்றி. ஈபப், மோபி, ஏ4 பிடிஎஃப், ஆறு அங்குல பிடிஎஃப் என்று கொடுக்கிறார்கள். போனில் படிக்க ஈபப் வசதி, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். கிண்டில் வைத்திருப்பவர்களும் ஈபப்பையே அனுப்பிக்கொள்ளலாம். ஆனால் கட்டளையும் அட்டவணையும் நிறைந்த நூலுக்குச் சிறு திரை சரிவராது, வரி மடிந்து மடிந்து எது எந்த நெடுவரிசை என்றே குழம்பிவிடும், அதற்கு ஏ4தான்.

நான் அச்செடுத்தே கொடுக்கிறேன். ஜெராக்ஸ் கடையில் இரண்டு பக்கமும் எடுத்து ஸ்பைரல் போட்டால் ஒரு பிள்ளைக்கு ஒரு சினிமா டிக்கெட் செலவு. இதைத் தயங்காமல் செய்யலாம், ஏனென்றால் இவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருபவை, நகல் எடுக்கவும் பகிரவும் அனுமதி அதிலேயே இருக்கிறது. சில நூல்களில் விற்பனைக்குக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும், உரிமப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். பக்கத்து டவுனில் ஒரு பயிற்சி நிலையத்தில் என் முன்னாள் மாணவன் ஒருவன் 12,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தான். கையில் கொடுத்தது மங்கலான நாற்பது பக்க நோட்ஸ், அதிலும் பாதி எழுத்துப் பிழை. அவன் அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவனுக்கும் ஒரு ஸ்பைரல் போட்டுக் கொடுத்தேன்.

நிரல் எழுத ஆசையில்லாதவர்களுக்கு இரா. அசோகன் எழுதிய நூல்களைச் சொல்வேன். ரோபாட்டிக்ஸ், பொருட்களின் இணையம் (இணையத்தோடு இணைந்து வேலை செய்யும் கருவிகள்) போன்றவை. ஐடிஐ, பாலிடெக்னிக் போகிற பையன்கள் இவற்றைத்தான் விரும்பி எடுக்கிறார்கள், பட்டறையில் கண்ணால் பார்க்கிற பொருளைப் பற்றியது என்பதால்.

நான் தேடிக்கொண்டே இருக்கும் நூல் ஒன்று உண்டு. என் அம்மா மாதிரி ஆட்களுக்கானது. அம்மாவிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறது, யுபிஐ இருக்கிறது, யாராவது போன் செய்து "பணம் வரணும்னா பின் நம்பர் போடுங்கம்மா" என்றால் போட்டுவிடுவார். பணம் வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் தேவை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். இந்த இரண்டு வரியைப் பெரிய எழுத்தில், படத்தோடு, வீட்டில் பேசுகிற தமிழில் ஒரு முப்பது பக்க நூலாக யாராவது எழுதினால் தேவலை. மனசுக்கு நிறைவாக ஒன்று இன்னும் என் கைக்கு வரவில்லை. இந்த எழுத்தாளர்களில் ஒருவர் செய்தால் மிகச் சரியாக வரும் என்று நம்புகிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஹெச்டிஎம்எல்லில் தொடங்குங்கள், தட்டியது உடனே திரையில் தெரியும். அப்புறம் லினக்ஸ் முதல் பாகம், அப்புறம் மைஎஸ்க்யூஎல். மெஷின் லேர்னிங் நூலைப் பைத்தானும் கொஞ்சம் கணக்கும் கைவந்த பிறகு எடுங்கள். மளிகைக்கடைக்காரர் மகள் இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். பழைய ஸ்பைரலை விடுதியில் யாரோ வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லையாம், இன்னொன்று போட்டு வையுங்கள் மிஸ், தீபாவளிக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.