தனுஷ்கோடியா, தலைமன்னாரா? பழைய ரயில் படத்தில் எதை நம்புவது

எங்கள் வீட்டில் ஒரு படம் இருக்கிறது. கோட்டும் வேட்டியும் அணிந்த தாத்தா, ஒரு தகரப் பெட்டியின் மேல் கையை ஊன்றி நிற்கிறார். அவருக்குப் பின்னால் ரயிலின் கடைசிப் பெட்டி. அதற்கும் பின்னால் கப்பலின் விளிம்பும் ஒரு புகைபோக்கியும். "அப்பா முதன்முதலாகக் கொழும்புக்குப் போனபோது தனுஷ்கோடியில் எடுத்தது" என்று அத்தை சொல்லக் கேட்டே நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். சென்ற ஆண்டு குடும்ப ஆல்பம் அச்சிட்டபோது நானும் மறு யோசனை இல்லாமல் 'தனுஷ்கோடி' என்று போட்டுவிட்டேன். நாற்பது பிரதிகளும் வந்து இறங்கிய பிறகுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத் தோன்றியது. இப்போது நாற்பதிலும் திருத்தச் சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

அந்தச் சீட்டை எழுதுவதற்குள் நான் மாறி மாறி நம்பிய தடயங்கள் பல: கப்பல், நிலக்காட்சி, நிழல், வரைபடம், கடைசியாகத் தண்டவாளம். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு எது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதைச் சொல்லத்தான் இது. தண்டவாளத்தின் பக்கம் நான் சாய்வேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில், போட்டியில் இருந்த ஊர்கள். தூத்துக்குடியைத் தள்ளிவிடுவது எளிது. 1914க்கு முன்பு கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து கப்பல் ஏறினார்கள். ஆனால் அங்கே கரையோரக் கடல் ஆழமில்லாதது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் சிறு படகில் போய் ஏற வேண்டும். ரயில் பெட்டிக்குப் பின்னாலேயே கப்பலின் விளிம்பு தெரியும் அந்தக் காலத்துப் படம் தூத்துக்குடியாக இருக்க முடியாது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் இலங்கைக் கரையிலுள்ள தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. சென்னை எழும்பூரில் போட் மெயில் ரயிலில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலுக்கு மாறுவார். தலைமன்னாரில் இறங்கி, காத்திருக்கும் இன்னொரு ரயிலில் கொழும்புக் கோட்டை போய்ச் சேருவார். இரு கரையிலும் ரயில் கப்பல் துறை வரைக்கும் வந்தது. ஆகவே எனக்கு மிஞ்சியவை இரண்டு துறைகள்தாம்.

கண் முதலில் கப்பலுக்குத்தான் போகும். என் படத்தில் அதன் முகப்பில் 'ர்வின்' என்ற முடிவு மங்கலாகத் தெரிகிறது. அந்த நீரிணையில் ஓடிய 'இர்வின்' அது. இர்வின் பிரபு வைஸ்ராயாக இருந்தது 1926 முதல் 1931 வரை. அவர் பெயரைத் தாங்கிய கப்பல் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பில்லை. ஆண்டைக் கணிக்க இது அருமையான தடயம். இடத்தைக் கணிக்கவோ, சல்லிக்காசுக்கு உதவாது. அதே கப்பல் காலையில் ஒரு கரையிலும் மாலையில் மறு கரையிலும் நிற்கும்! இது உறைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

நிலக்காட்சியும் அப்படித்தான். இரு கரையிலும் ஒரே மணல், ஒரே பனை, ஒரே கடல். தலைமன்னார் துறைக்கு அருகே ஒரு கலங்கரை விளக்கம் உண்டு. அது படத்தில் விழுந்திருந்தால் வேலை முடிந்தது. என் படத்தில் விழவில்லை. கைகாட்டி மரங்களும் பயன்படவில்லை. இரு நாட்டு ரயிலும் ஆங்கிலேயர் போட்டது என்பதால் அவை பங்காளிகளைப் போல ஒரே சாயலில் இருக்கின்றன. பெயர்ப்பலகையில் சிங்கள எழுத்து தெரிந்தாலோ, பெட்டியின் பக்கவாட்டில் ரயில்வேயின் முதலெழுத்துகள் தெரிந்தாலோ கைப்புண்ணுக்குக் கண்ணாடி தேவையில்லை. ஆனால் தாத்தாவைப் படமெடுத்தவருக்குத் தாத்தா முக்கியம், பலகை முக்கியமில்லை.

நிழலை வைத்துத் திசை பார்க்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். நடுப்பகல் நிழல் வடக்கே விழும் என்று பள்ளியில் படித்ததை நம்பி நானும் இறங்கினேன். அந்த விதி நம் பக்கத்தில் ஆண்டு முழுவதும் செல்லாது. தனுஷ்கோடி ஒன்பது பாகை அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை அங்கே நடுப்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். படம் எடுத்த மாதம் தெரியாமல் நிழலைக் கேட்டால் அது இரண்டு பதில் சொல்லும். போதாததற்கு, நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்ட படங்களும் பழைய ஆல்பங்களில் உண்டு. அவற்றில் கிழக்கு மேற்காகிவிடும்.

இப்போது தண்டவாளத்துக்கு வருகிறேன். தனுஷ்கோடிக்கு வந்தது மீட்டர் கேஜ்: இரு தண்டவாளங்களுக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர். இலங்கையில் களனிவெளி போன்ற சிறு பாதைகளை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் அகலப் பாதை, 5 அடி 6 அங்குலம், அதாவது 1,676 மில்லிமீட்டர். தலைமன்னார் பாதையும் அதுதான். நடுவில் இருக்கும் கடலை விடுங்கள். சேதுவின் மேல் பாலமே கட்டியிருந்தாலும் எழும்பூர் பெட்டி ஒரு அங்குலம்கூட அந்தப் பக்கம் உருண்டிருக்காது. அந்நாளில் பயணிகளுக்குத் தொல்லையாக இருந்திருக்கக்கூடிய இந்த வேறுபாடு, படம் பார்க்கிற எனக்குப் புதையல். இரண்டு துறைகளையும் பிரித்துக் காட்டும் கோடு படத்துக்குள்ளேயே போட்டிருக்கிறது.

படத்தில் அதை எப்படி அளப்பது? தண்டவாளத்தை மட்டும் தனியாக அளந்து பயனில்லை, ஒப்பிட ஒன்று வேண்டும். ஆளை வைத்து மதிப்பிடலாம்: அகலப் பாதையின் நடுவே ஒரு நடுத்தர உயர மனிதர் குறுக்கே படுத்தால் ஏறக்குறைய அடங்கிவிடுவார், மீட்டர் கேஜில் கால் முழுக்க வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் ஆள் தண்டவாளத்தை விட்டுத் தள்ளி நின்றால் இந்தக் கணக்கு கெட்டுப்போகும். அதைவிட நம்பகமானது பெட்டியின் பின்முகம். பெட்டியின் அகலமும் அதற்கு நேர் கீழே சக்கரங்களின் இடைவெளியும் ஒரே தொலைவில் இருப்பதால் கேமராவின் கோணம் இரண்டையும் ஒரே அளவில்தான் சுருக்கும். மீட்டர் கேஜ் பெட்டி தன் தண்டவாளத்தைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கோ அதற்கு மேலோ அகலமாக இருக்கும். ஒல்லிக்கால் கொக்கின் மேல் கனத்த உடம்பு. அகலப் பாதையில் அது இரண்டு மடங்குக்குள் அடங்கும். என் படத்தைப் பெரிதாக்கி அடிக்கோல் வைத்தேன். பெட்டி 54 மில்லிமீட்டர், தண்டவாள இடைவெளி 29. மீட்டர் கேஜாக இருந்தால் அந்த 29 என்பது 20, 22 என்று வந்திருக்க வேண்டும்.

அடிக்கோல் இல்லாதவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. பெட்டியின் பின்முகத்தில் பஃபரை, அதாவது பெட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கும்போது அதிர்ச்சி தாங்கும் பகுதியைப் பாருங்கள். நம் மீட்டர் கேஜ் பெட்டிகளுக்கு நடுவில் ஒற்றை பஃபர்தான், இணைப்புக் கொக்கியும் அதிலேயே இருக்கும். பழைய அகலப் பாதைப் பெட்டிகளுக்கு இடமும் வலமும் இரண்டு வட்டத் தட்டுகள், நடுவே திருகு இணைப்பு. என் படத்தில் தாத்தாவின் தோளுக்கு மேலே ஒரு வட்டத் தட்டு பாதி தெரிகிறது. மறு ஓரத்தில் இன்னொன்று முழுதாக, வெயில் பட்டு மின்னிக்கொண்டிருக்கிறது. இத்தனை ஆண்டுகள் அதை ஏதோ விளக்கு என்றே நினைத்திருந்தோம். படம் இடவலம் மாறி அச்சாகியிருந்தாலும் இரண்டு இரண்டுதான், ஒன்று ஒன்றுதான். இந்தத் தடயத்தின் பெரிய பலம் அதுவே.

குறைகளும் உண்டு. ரயில் பக்கவாட்டில் மட்டும் தெரியும் படத்தில் இந்த அளவுகள் எதுவும் எடுபடாது. அப்போது இன்ஜினைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்களைத்தான் தேட வேண்டும். எனக்கு அந்தத் தேர்ச்சி இல்லை. நானே இந்த முறையைச் சோதித்தது நான்கைந்து படங்களில்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைத் தண்டவாளம் சொல்லும், அவ்வளவே. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து புறப்பட்டது. அங்கேயும் மீட்டர் கேஜ்தான். அந்த இரண்டையும் பிரிக்க ஆண்டைத்தான் பார்க்க வேண்டும், அங்கே கப்பலின் பெயர் மறுபடி மதிப்புப் பெறுகிறது.

புதிய படங்களுக்கு இந்த வழி அறவே உதவாது. ராமேஸ்வரம் பாதை 2007இல் அகலப் பாதையாகிவிட்டது. போரில் சிதைந்த தலைமன்னார் பாதையை மீண்டும் போட்டு 2015 மார்ச்சில் துறை வரை ரயில் விட்டார்கள். இரு கரையும் இன்று ஒரே அகலம். இன்றைய படம் என்றால் செயற்கைக்கோள் வரைபடமே போதும். தண்டவாளத்தின் வளைவைப் பொருத்திப் பார்த்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். பழைய தனுஷ்கோடிக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கரையே அடித்துப் போனபின் எதனோடு எதைப் பொருத்துவது?

'தலைமன்னார்' என்று சீட்டு ஒட்டிய பிரதியை அத்தையிடம் கொடுத்தபோது கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார். பஃபரை எல்லாம் அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"அப்படியானால் இது போகும்போது எடுத்ததில்லை தம்பி, திரும்பி வரும்போது எடுத்தது. போகும்போது அப்பாவிடம் பெட்டி ஏது? துணி மூட்டையோடுதானே போனார்."

பெட்டி இன்னும் அத்தை வீட்டுப் பரணில் இருக்கிறது. இறக்கித் துடைத்துப் பார்த்தேன். மூடியின் உட்புறத்தில் கடைக்காரர் ஒட்டிய சீட்டு பாதிக்கு மேல் கரையான் தின்றது போக, 'கொழும்பு' என்ற நான்கு எழுத்துகள் மட்டும் மிச்சமிருந்தன.