அமைச்சர் மீதான வழக்கு எந்தக் கட்டத்தில்? இ-கோர்ட்ஸ் சேவை ஒரு மதிப்பீடு

வழக்கு நிலுவையில் இருப்பவர் அமைச்சரானால் சர்ச்சை வெடிக்கிறது. 2014-ல் மனோஜ் நருலா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தடை போடவில்லை. கடுமையான குற்றங்களில் குற்றச்சாட்டு பதிவானவர்களைச் சேர்க்கக் கூடாது என்பதைப் பிரதமர், முதல்வரின் பொறுப்புணர்வுக்கு விட்டது. ஆகவே வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதுதான் முக்கியம். அதை இலவசமாகக் காட்டுவது நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் அரசின் இ-கோர்ட்ஸ் தளமும் செயலியும்.

ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்ணான சி.என்.ஆர் எண் கையில் இருந்தால் ஒரே நிமிட வேலை. மொத்தம் 16 இடங்கள்: மாநிலத்துக்கும் மாவட்டத்துக்குமாக 4 எழுத்து, நீதிமன்றத்துக்கு 2 இடம், வரிசை எண் 6, ஆண்டு 4. கடந்த வாய்தா தேதியைத் தட்டினால் அன்று நடந்தது விரியும். ஆஜரானாரா, அவகாசம் கேட்டது யார் என்பதெல்லாம் அங்கேதான். நல்ல வசதி.

எண் இல்லையென்றால் பெயரில் தேடாதீர்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். இனிஷியல் முன்னும் பின்னும் மாறும். வேட்பாளராக நின்றபோது வேட்புமனுவோடு அவர் தந்த பிரமாணப் பத்திரமான படிவம் 26-ஐத் தேர்தல் ஆணையத் தளத்தில் எடுங்கள். எஃப்.ஐ.ஆர் எண், காவல் நிலையம், நீதிமன்றம், குற்றச்சாட்டு பதிவான தேதி எல்லாம் அதில் உண்டு. பிறகு 'எஃப்.ஐ.ஆர் எண்' தேடலில் மாவட்டம், நீதிமன்ற வளாகம், காவல் நிலையம், எண், ஆண்டு கொடுங்கள். வளாகம் தவறினால் வழக்கே இல்லை என்பதுபோல் வெறும் பக்கம் வரும்.

பலர் ஏமாறுவது இங்கே: எம்.பி., எம்.எல்.ஏ. சிறப்பு நீதிமன்றத்துக்கு வழக்கு மாறினால் பழைய பதிவு 'முடிந்தது' என்று நிற்கக்கூடும். அது விடுதலை அல்ல. முடிந்த விதம் என்ன என்ற வரியைப் படித்துவிட்டே பேச வேண்டும். உயர் நீதிமன்றம் கொடுத்த இடைக்காலத் தடை கீழமை நீதிமன்றப் பக்கத்தில் தெரியாமல் போகலாம். உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் தனித்தனியாகத் தேடுங்கள். பதிவிறக்கும் உத்தரவு சான்றிட்ட நகல் ஆகாது. மனுவோடு இணைக்க நகல் பிரிவில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-ல் 7,210 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அப்படியிருந்தும் படிவம் 26-ல் சி.என்.ஆர் எண்ணை எழுத ஓர் இடம் இல்லை. அந்த ஓர் இடத்தைச் சேர்த்தால் வாக்காளர் யாரும் பெயரை வைத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. நீதித்துறைச் சீர்திருத்தம் பேசுவோர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.