வாட்டர் வாஷ் முடிந்ததும் ஈரத்தோடு வண்டியை எடுத்து வராதீர்கள்

போர் தண்ணீரில் வாட்டர் வாஷ் செய்யும் இடத்துக்கு வண்டியை விடுகிறவர்கள், அதுவும் கருப்பு நிறக் கார் வைத்திருப்பவர்கள், இதை முழுதாகப் படித்துவிடுங்கள். எனக்கு 8,000 ரூபாய் போனது. பணத்தைவிட, பானெட்டில் விழுந்த தழும்பு போகாது என்பதுதான் மனதை அறுக்கிறது.

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் தங்கைக்கு வளைகாப்பு. சென்னை மேடவாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வாட்டர் வாஷ் இருக்கிறது. ஃபோம் வாஷ் 500 ரூபாய். என் முறை வரும்போது மணி பன்னிரண்டரை. நுரை போட்டார்கள், பிரஷர் கன்னால் அடித்தார்கள், அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே தள்ளி வெயிலில் நிறுத்திவிட்டு, அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்கள். துடைக்க இருந்தது ஒரே பையன், ஒரே துணி. அவன் வந்து சேரக் கால் மணி நேரம் ஆனது. அதற்குள் பானெட் காய்ந்தே விட்டது. கண்ணாடிகளை மட்டும் துடைத்துவிட்டு, "மீதி ஓட்டும்போது காத்துலயே காஞ்சிடும் சார்" என்றான். நம்பி எடுத்து வந்தேன்.

சாயங்காலம் தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் பானெட் முழுக்க வெள்ளை வட்டங்கள். ஒவ்வொன்றும் மிளகு அளவு; நடுவில் ஒன்றுமில்லை, ஓரத்தில் மட்டும் சுண்ணாம்புக் கோடு. நகம் பட்டால் சொரசொரவென்றிருந்தது. ஈரத்துணி போட்டால் மறைந்தது, காய்ந்ததும் திரும்ப வந்தது.

கீசர் காயிலிலும் குழாய் வாயிலும் படிகிற அதே உப்புதான் இது. தண்ணீர் ஆவியாகிவிடும், அதிலிருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் ஆவியாகாது. சொட்டு சுருங்கச் சுருங்க அவை ஓரமாக ஒதுங்கிப் படிகின்றன. தகடு சூடாக இருந்தால் எல்லாம் நிமிடங்களில் முடிந்துவிடும். அப்படியே நாள்கணக்கில் விட்டால் பெயிண்டுக்கு மேலே நிறமில்லாமல் இருக்கும் காப்புப் பூச்சான கிளியர் கோட்டையும் அரிக்கும். பிறகொரு நாள், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை எடுத்துப்போய் அந்த இடத்துக் குழாயில் பிடித்துப் பார்த்தேன்: லிட்டருக்கு 1,640 மில்லிகிராம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு 500.

வளைகாப்பு முடிந்த மறுநாள் போய்க் கேட்டேன். முதலாளி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "இது பெயிண்ட்ல இருக்கற வீக்னஸ் சார். கருப்பு வண்டின்னாலே இப்படித்தான். செராமிக் கோட்டிங் போட்டுட்டீங்கன்னா மூணு வருஷத்துக்குக் கவலையே இல்ல." பெயிண்டைக் காக்க மேலே போடும் அந்தப் பூச்சுக்கு 7,500 ரூபாய். ஒன்றரை மணி நேரத்தில் வண்டி வந்தது, சொட்டச் சொட்ட. கோட்டிங் போட்ட கையோடு தண்ணீர் அடித்திருந்தார்கள். கண்ணாடிபோல மின்னியதில் எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மூன்று வாரம் தாங்கவில்லை. மினுமினுப்பு போனது, பழைய வட்டங்கள் மேலே வந்தன, கூடவே வெயிலில் சிலந்தி வலைபோல நுண்ணிய கீறல்கள். எங்களுக்குப் பழக்கமான டிங்கரிங் கடை அண்ணனிடம் காட்டினேன். "செராமிக் போட்டா ஒரு நாளாவது தண்ணி படக் கூடாதுப்பா. உனக்கு அன்னைக்கே ஊத்திக் குடுத்திருக்கான்" என்றார். செராமிக் என்று சொல்லிவிட்டு, அழுக்குப் பேடில் காம்பவுண்ட் (உரசித் தேய்க்கும் பசை) வைத்து பஃபிங் (மெஷினால் தேய்ப்பது) ஓட்டி, கீறல்களை மறைக்கும் பாலிஷைத் தடவிக் கொடுத்திருக்கிறார்கள்.

வட்டங்களை எடுக்க அண்ணன் வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்தார். முதலில் கதவின் கீழ் மூலையில் தொட்டுப் பார்த்தார். பிறகு நிழலில், தகடு ஆறியிருக்கும்போது, துணியில் நனைத்து வட்டங்களின் மேல் ஒரு நிமிடம் போல வைத்து எடுத்தார்; தேய்க்கவில்லை. காயவிடாமல் உடனே நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்தார். பெரும்பாலானவை போய்விட்டன. வைப்பருக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மட்டும் கிளியர் கோட்டுக்குள் இறங்கிவிட்டன.

வாட்டர் வாஷ் இடத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "பாலிஷ் 7500" என்று எழுதிய துண்டுச் சீட்டைத்தான் காட்டினார்கள். முறையான பில் கொடுக்க மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. யுபிஐ ரசீதை வைத்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். நீங்கள் பணம் கட்டும் முன்பே, என்ன பொருள் போடுகிறார்கள் என்று பெயரோடு பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள்.

இப்போது நானே காலை ஏழு மணிக்குள் பார்க்கிங் நிழலில் கழுவுகிறேன். கடைசி அலசலுக்கு ஹோஸ் முனையைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கூரையிலிருந்து ஓடவிட்டால் தண்ணீர் சொட்டாக நிற்காமல் பாயாக வழிந்து இறங்கிவிடுகிறது. பிறகு பெரிய மைக்ரோஃபைபர் துணியை விரித்துப் போட்டு என் பக்கம் இழுப்பேன், அவ்வளவுதான். பக்கக் கண்ணாடியின் கூடு, கைப்பிடி, பெட்ரோல் மூடி ஆகியவற்றின் இடுக்கில் ஒளிந்திருக்கும் தண்ணீர் பத்து நிமிடம் கழித்து வழியும்; கதவுகளைத் திறந்து ஓரத்தையும் ஒற்றி எடுக்க வேண்டும். துணி தரையில் விழுந்தால் அன்றைக்கு அதை மறுபடி வண்டியில் வைக்கக் கூடாது, ஒரு மணல் போதும் கீறுவதற்கு.

வெளியே விடுவதாக இருந்தால் அந்தத் துடைக்கும் துணியை முதலில் கையில் வாங்கிப் பாருங்கள். வெயிலில் நிறுத்தினால் நிழலுக்குத் தள்ளச் சொல்லுங்கள். ஆளில்லை என்றால் துணி வாங்கி நீங்களே துடையுங்கள்.

அந்த இரண்டு வட்டங்களையும் எடுக்க இன்னொரு முறை பஃபிங் ஓட்டினால் கிளியர் கோட் மெலிந்துவிடும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அப்படியே விட்டிருக்கிறேன்.