திருநெல்வேலிப் பயிலரங்கு: பின்னேரம் மட்டும் போதும்

கடைகளுக்கு பில் மென்பொருள் செய்து கொடுப்பது என் தொழில். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் நடந்த தேவைப் பொறியியல் (மென்பொருள் என்ன செய்யவேண்டும் என்பதைக் கேட்டறிந்து தெளிவாக எழுதும் துறை) பயிலரங்குக்குக் காசு கட்டித்தான் போனேன். காலை அமர்வு சரிவரவில்லை. ஆய்வுக் கட்டுரைகளைத் திரையில் ஓட்டித் தள்ளினார்கள், பின்வரிசையில் பாதிப்பேர் போனுக்குள்.

பின்னேரம் சொல்லித் தந்த, தேவைகளை எழுதும் 'இயர்ஸ்' (EARS) முறைதான் பெறுமதி. ரோல்ஸ் ராய்ஸில் அலிஸ்டெயர் மேவினும் சகாக்களும் ஜெட் எஞ்சின் கட்டுப்பாட்டுக்கான விதிகளை அலசும்போது உருவாக்கி, 2009 இல் ஆய்வு மாநாட்டில் வைத்தது. வேலைத்தளத்தில் பிறந்த சரக்கு என்பதாலேயே எனக்குப் பிடித்தது. எது நடக்கும்போது, எந்த நிலையில் இருக்கும்போது, ஏதும் பிழைத்தால், கணினி என்ன செய்யவேண்டும் என்று சில வசன அச்சுகள், அவ்வளவுதான்.

பயிற்சிக்கு கஸ்தூரியார் வீதி நகைக்கடை ஒன்றை எடுத்தேன். முதலாளி கேட்டிருந்தது, "தம்பி, கரண்ட் போனாலும் பில் நிக்கக்கூடாது". அதை அந்த வசன அச்சில் எழுதிப் பார்த்ததும் பயிற்றுவித்த பிள்ளை கேட்டார்: "அண்ணா, பில் பாதியில நிக்கேக்க பவுன் விலை மாறினா, கரண்ட் வந்த பிறகு எந்த விலை?" அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பழைய விலைதான், ஆனா என்னட்டக் கேட்டிட்டு" என்றார். இரண்டு தேவைகள் கிடைத்துவிட்டன!

கட்டணம் கொஞ்சம் அதிகம். தமிழில் கையேடும் இல்லை. முழுநாளும் இப்படிப் பயிற்சி வைத்திருந்தால் முதலாளியையும் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.