மூன்றரை வருடமாகப் பால் இல்லாத வீடு: காபி மட்டும் இன்னும் திரிகிறது

அலுவலக நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். "ஜிஎஸ்டி குறைச்சதுல சோயா பால், பாதாம் பால் எல்லாம் விலை இறங்கிடுச்சாமே? எங்க வீட்டுலயும் பொண்ணு பாலை நிறுத்தச் சொல்லி ஒரே பிடிவாதம். நீங்கதான் ரொம்ப நாளா ஓட்டுறீங்களே, எப்படிண்ணே இருக்கு?" நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமா இது? எழுதித் தருகிறேன் என்றேன். அன்று காலையில்தான் என் காபி திரிந்திருந்தது. ஆகவே நடுநிலைமையை ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் கதை 2022 கோடை விடுமுறையில் ஆரம்பித்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்த மகள், சொந்தக்காரர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் வைக்கோல் கன்றைப் பார்த்துவிட்டாள். செத்துப்போன கன்றின் தோலுக்குள் வைக்கோலை அடைத்து, பசு பால் சுரப்பதற்காக முன்னால் நிறுத்தி வைப்பார்களே, அது. பசு அதை நக்கிக்கொண்டிருந்தது. திருச்சி வரும்வரை பேருந்தில் பேசவே இல்லை. மறுநாள் டம்ளரில் பாலைத் தொடவில்லை. பால், நெய், தேன் என்று விலங்கிலிருந்து வருகிற எதையும் தொடாத இந்த வழிக்குத் தமிழில் நனிசைவம் என்று அழகான சொல் இருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டில் வீகன்தான். "நம்மளே சைவம், அதுக்கும் மேல ஒரு சைவமா?" என்று அம்மா ஒரு வாரம் முணுமுணுத்தார். கடைசியில் வீட்டுக்குள் பால் வராது, வெளியே அவரவர் இஷ்டம் என்று பஞ்சாயத்து முடிந்தது.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். இட்லி, தோசை, சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, புட்டு, ஆப்பம், கொழுக்கட்டை எதிலும் பால் கிடையாது. மனைவிக்குத் திருநெல்வேலிப் பக்கம். மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற சொதியை மூன்றாம் பால், இரண்டாம் பால், முதல் பால் என்று தேங்காயிலேயே இறக்கிவிடுவார். கூட இஞ்சித் துவையலும் இருந்துவிட்டால் பசு நினைவுக்கே வராது. புரதத்துக்குப் பருப்பும் சுண்டலும் மீல்மேக்கரும் போதும். சோயாப் பாலை உறைய வைத்த பன்னீரான டோஃபு வாங்கினோம், சாப்பிட்டோம், மறந்தோம். நெய் இல்லாத வெண்பொங்கலைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. நல்லெண்ணெயில் மிளகும் முந்திரியும் பொரித்துக் கொட்டினாலும் கஞ்சிக்கு அலங்காரம் செய்த மாதிரிதான் இருக்கிறது.

எதிர்பாராமல் கிடைத்த லாபம் வேர்க்கடலைத் தயிர். ஒரு டம்ளர் பச்சை வேர்க்கடலையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் தோலைக் கசக்கி எடுத்துவிட்டு, மூன்று டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்துத் துணியில் பிழிய வேண்டும். கொதிக்க வைக்கும்போது பக்கத்திலேயே நின்று கிளறவில்லை என்றால் அடிப்பிடிக்கும், பொங்கி அடுப்பையும் நாசமாக்கும். விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும் பச்சை மிளகாயைக் காம்போடு போட்டு மூடிவைத்தால், காம்பில் இருக்கிற கிருமிகளே உறை. முதல் தடவை கொழகொழவென்று பாதிதான் உறையும். அந்தப் பாதியில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றினால், மூன்றாவது தடவை கரண்டியால் வெட்டி எடுக்கிற தயிர். நிறம் லேசாகப் பழுப்பு. புளிப்பு சரியாக இருக்கும். மார்கழியில் மட்டும் போர்வை சுற்றி வைக்க வேண்டியிருக்கிறது. மோர்க்குழம்புக்குச் சுமார்தான்.

அம்மா யாரிடமும் ஏமாறுகிறவர் இல்லை. முதல் நாளே "கடலை வாசனை வருது" என்றார். ஆனால் மாவடுவைக் கடித்துக்கொண்டு இரண்டாம் முறையும் சோறு போடச் சொன்னார். இப்போது என்ன ஆகிவிட்டது என்றால், கல்யாண வீடுகளில் தயிர்சாதம் வந்ததும் என் காதருகே வந்து, "இதுல என்னடா பால் வாடை அடிக்குது" என்கிறார்.

சரி, காபிக்கு வருகிறேன்.

நான் கும்பகோணம் பித்தளை ஃபில்டரில் டிகாஷன் இறக்கிக் குடித்து வளர்ந்தவன். காலை ஆறு மணிக்கு அந்த ஒரு டம்ளர் சரியாக அமைந்துவிட்டால் உலகத்தில் வேறு எதுவும் எப்படிப் போனாலும் எனக்குக் கவலையில்லை. பசும்பாலுக்கு மாற்றாக எல்லாவற்றையும் முயன்றேன். தேங்காய்ப்பால் காபி தேங்காயாகவே இருந்தது. பாதாம் பால் காபியைக் கழுவிய தண்ணீர். வீட்டில் அரைத்த ஓட்ஸ் பால் சூடு ஏறியதும் கூழ். முந்திரிப் பால் பரவாயில்லை, ஆனால் கொதித்ததும் கெட்டியாகிப் பாயசத்தில் டிகாஷன் ஊற்றிக் குடிக்கிற மாதிரி இருக்கும், மாதக் கடைசியில் கட்டுப்படியும் ஆகாது. மிஞ்சியது சோயா. புரதக் கணக்கிலும் பசும்பாலுக்குக் கிட்டத்தட்டச் சமமாக நிற்பது அதுதான். ஆற்றும்போது நுரை வேறு பிரமாதமாக எழும்பும்.

ஆனால் திரியும். கண்ணெதிரே திரியும். டவராவில் ஊற்றி ஒரு ஆற்று ஆற்றுவதற்குள் மேலே தண்ணீர் தெளிந்து, கீழே திட்டுத் திட்டாக ஒதுங்கிவிடும். டிகாஷனின் புளிப்பும் சூடும் சேர்ந்து சோயாப் புரதத்தை உறைய வைக்கின்றன. எலுமிச்சை பிழிந்து பன்னீர் எடுப்பது போலத்தான். மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, டம்ளருக்குள்ளயே டோஃபு போட்டுட்டீங்க" என்றாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் ஆராய்ச்சிதான். முந்தின நாள் டிகாஷன் வீட்டில் தடை. பழசாக ஆக அது புளிக்கிறது, புளித்தால் திரிவது உறுதி. காபிப்பொடிக் கடையில் பிளாண்டேஷன் என்கிற அரபிகா கொட்டையைக் குறைத்து, புளிப்பு கம்மியான ரொபஸ்டா கொட்டையைக் கூட்டி, கருக்க வறுக்கச் சொன்னேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அரைத்துக் கொடுத்தார். புளிப்பு குறைந்தது. பாலைத் தளதளவென்று கொதிக்கும்வரை விடாமல் ஆவி பறந்ததும் இறக்குகிறேன். டவராவில் முதலில் பால், பிறகு டிகாஷனை நூல் மாதிரி ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் அன்றைக்கு அவ்வளவுதான். ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் நன்றாகவே கை கொடுக்கிறது. சிட்டிகை கொஞ்சம் பெரிதானால் சவர்க்காரம் கரைத்த காபி.

இத்தனையும் செய்தால் பத்தில் எட்டு நாள் நல்ல காபி. என் எரிச்சலே அந்த எட்டு நாளில்தான் இருக்கிறது. பத்து நாளும் திரிந்தால் விட்டுத் தொலைத்துவிடலாம். அதே பொடி, அதே பால், அதே கை. ஏன் செவ்வாய்க்கிழமை மட்டும்?

சோயா அரைப்பது என் வேலை. காபிப் பைத்தியம் யாரோ அவர்தான் அரைக்க வேண்டும் என்று மனைவி முதல் மாதமே சொல்லிவிட்டார். ஊறிய பயறை அப்படியே அரைத்தால் அதிலுள்ள ஒரு நொதி பச்சை வாடையைக் கிளப்பிவிடும். கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, வெந்நீர் விட்டே அரைத்தால் வாடை பெருமளவு போய்விடுகிறது. பிழிந்த பாலை மறுபடி நன்றாகக் காய்ச்ச வேண்டும், பச்சையாகக் குடித்தால் செரிக்காது. நூறு கிராம் பயறுக்கு முக்கால் லிட்டர் எடுக்கிறேன். சக்கை அடை மாவுக்குப் போகிறது. மிக்சிக்கு மூன்றாவது முறையாகக் கப்ளர் மாற்றப் போனபோது, "சார், இது வீட்டு மிக்சியா, ஹோட்டல் மிக்சியா?" என்று கேட்டார் கடைக்காரர்.

கடைப் பாக்கெட் வாங்கலாமே என்றால், வாங்கலாம். காபிக்கென்றே விற்பதில் புளிப்பைச் சமன்செய்யும் உப்பு சேர்த்திருப்பதால் திரிவதில்லை. நண்பர் கேட்ட விலைக் கணக்கு இதுதான்: 2025 செப்டம்பர் 22 முதல் சோயாப் பாலுக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது, பாதாம், ஓட்ஸ் போன்றவற்றுக்கு 18-லிருந்து 5. அதாவது வரியோடு 112 ரூபாய்க்கு விற்ற சோயா 105-க்கு வரவேண்டும், 236-க்கு விற்ற பாதாம் 210-க்கு. குறைந்ததுதான். ஆனால் தினமும் நாலு பேர் குடிக்கிற வீட்டில் அது விருந்தாளிச் சரக்கு. இன்னொரு வேடிக்கை, வரிப் பட்டியலில் இதற்குப் பேர் பால், உணவுப் பாதுகாப்பு விதிப்படி பாக்கெட்டில் பால் என்று எழுதக் கூடாது, பானம் என்றுதான் எழுத வேண்டும். திரிந்த நாட்களில் நான் இரண்டாவது கட்சி.

நண்பரின் மகளுக்காக ஒன்று. பி12 மாத்திரையை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செடிகொடியிலிருந்து நம்பி எடுக்க முடியாத சத்து அது. உடம்பில் இருக்கும் கையிருப்பு சில வருடம் தாங்கும் என்பதால் குறைவது வெளியே தெரியாது. எங்கள் மகளுக்கு இரண்டாம் வருடம் ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. டாக்டர் எழுதிய கேப்சூலின் உறை விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் என்று சொல்லி அதையும் மறுத்தாள், மாத்திரையாகத் தேடி அலைந்தேன். கால்சியத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் இருக்கிறதே, அதில் சிரமமில்லை.

அம்மா பழனிக்குப் போய்வந்த அன்றுதான் வீடு கொஞ்சம் கனத்துப் போனது. பஞ்சாமிர்தத்தில் நெய்யும் தேனும் இருக்கிறது. மகள் டப்பாவைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீங்க சாப்பிடுங்க அப்பாயி" என்று திருப்பிக் கொடுத்தாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை தைப்பூசத்துக்கு வீட்டிலேயே மலைவாழைப்பழமும் வெல்லமும் பேரீச்சையும் மட்டும் பிசைந்து அவளுக்கென்று ஒரு கிண்ணம் தனியாக வைத்தார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நண்பருக்கு நான் அனுப்பிய பதில்: "வேண்டாம்ணே. காபி குடிக்கிறவன் இருக்கிற வீட்டுக்கு இது ஒத்து வராது." உண்மையைச் சொன்னால், அலுவலகத்துக்குப் பக்கத்து டீக்கடையில் பதினோரு மணிக்கு நான் குடிப்பது பசும்பால் காபிதான். வீட்டில் தெரியும், யாரும் கேட்பதில்லை. அதற்காக வீட்டுக்குப் பால் பாக்கெட் வாங்கி வருவேனா என்றால், மாட்டேன். இன்று ராத்திரிக்கும் சோயா ஊறப்போட்டாயிற்று.

நண்பர் பதிலுக்கு ஒரு கும்பிடு படம் போட்டுவிட்டு, "அந்தக் கடலைத் தயிருக்கு எத்தனை மிளகாய்ணே?" என்று கேட்டிருந்தார்.

நாலு போதும். காம்பு முக்கியம், கிள்ளிப் போட்டுவிடாதீர்கள்.