கான்சன்ட்ரேட்டரா, ஜம்போ சிலிண்டரா?

எங்களுடையது மன்னார்குடிக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையே பத்துப் படுக்கை மருத்துவமனை. ஐசியூ கிடையாது. மூச்சுத்திணறலோடு வருகிறவரைத் திருவாரூருக்கோ தஞ்சாவூருக்கோ ஏற்றிவிடும்வரை தாக்குப்பிடிக்க வைப்பது ஆக்சிஜன்தான். போன வருடம் கொஞ்சம் நன்கொடை வந்ததும், காற்றிலிருந்தே ஆக்சிஜன் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மெஷினா, இன்னும் நாலு சிலிண்டரா என்று பேச்சு எழுந்தது. வார்டைப் பார்த்துக்கொள்கிறவள் என்று என்னையும் கேட்டார்கள். மெஷின்தான் என்றேன். இன்றைக்கும் அதேதான் சொல்வேன்.

சிலிண்டரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கரண்ட் வேண்டாம், சத்தம் இல்லை. ஜம்போ என்கிற பெரிய சிலிண்டரில் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் வைத்தால் 23 மணி நேரம் வரும். ஆனால் ரீஃபிலுக்கு வண்டி பிடிக்க வேண்டுமே என்ற நினைப்பில் கை தானாகச் சிக்கனம் பிடிக்கும். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 89-க்கு இறங்கிக் காட்டும்போதும் "கொஞ்ச நேரம் பார்ப்போம் சிஸ்டர்" என்பார்கள். 22 ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்று 2025-இல் வந்தது. மூச்சு செயலிழந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூட ஆக்சிஜன் வைக்கப்படவில்லையாம். எனக்கு எங்கள் வார்டுதான் ஞாபகம் வந்தது. மெஷின் வந்தபின் அந்த யோசனையே இல்லை; பட்டனைத் தட்டுகிறோம்.

அறைக் காற்றில் இருக்கும் நைட்ரஜனை ஜியோலைட் என்கிற தாதுக் குருணையில் பிடித்து நிறுத்திவிட்டு, 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனாகத் தருவதுதான் கான்சன்ட்ரேட்டர். உயிர்நாடியே பராமரிப்பு. வாரம் ஒருமுறை ஃபில்டரைக் கழுவினால் போதும் என்பார்கள். தை, மாசியில் அறுவடை மெஷின் வயலில் இறங்கிவிட்டால் அது நடக்காது. நெல் தூசி அப்பிவிடும், தினமும் கழுவுகிறோம். சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். ஈரம் ஜியோலைட்டுக்கு ஆகாது; ஐப்பசி, கார்த்திகைக் காற்றே போதும் அதைக் கெடுக்க.

இதில் ஒரு வஞ்சகம் உண்டு. சிலிண்டர் தீர்ந்தால் முள் இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். ஜியோலைட் சோர்ந்தாலோ எத்தனை லிட்டர் போகிறது என்று காட்டும் ஃப்ளோமீட்டர் குண்டு 5-லேயே நிற்கும், பாட்டில் தண்ணீரில் குமிழியும் வரும். வருவது பாதி வெறும் காற்று. ஒரு ராத்திரி பெரியவர் ஒருவருக்கு எவ்வளவு நேரமாகியும் சாச்சுரேஷன் ஏறவில்லை. சிலிண்டருக்கு மாற்றிய பிறகுதான் ஏறியது. மறுவாரமே, வருவதில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று அளக்கும் அனலைசர் வாங்கினோம். அது 82 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் மெஷின் வார்டில் இருக்கக் கூடாது. அனலைசரும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் வாங்கக் காசில்லை என்றால் மெஷினும் வேண்டாம்.

ஜியோலைட் மாற்றும் செலவு இன்னும் எங்கள் தலையில் விழவில்லை. விழுந்தால் என் கணக்கு மாறலாம். அதோடு 5 லிட்டர் மெஷின் எல்லாருக்கும் போதாது. மாஸ்க்கில் நிமிடத்துக்கு 10, 15 லிட்டர் கேட்கிற ஆளுக்கு ஜம்போதான்.

2018 நவம்பரில் கஜா அடித்தபோது இந்தப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, ரோடெல்லாம் தென்னை விழுந்து கிடந்தது. அதனால் பழைய ஜம்போ இரண்டை வெளியே அனுப்ப நான் விடவில்லை. திங்கட்கிழமைதோறும் சாவி போட்டுத் திறந்து, முள்ளைப் பார்த்துவிட்டு மூடுகிறேன்.